அந்த உரசல் ஒலி பதிவின் குறையா? – நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை வாசிக்கிறேன். “நீங்கள் சொன்ன ‘போகலூசா பூகி’ இசைத்தட்டைக் கைப்பேசியிலேயே முழுவதும் கேட்டேன். அக்கார்டியன் பிடித்திருந்தது. ஆனால் பின்னால் யாரோ தகரத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பதுபோல ஒரு சத்தம் வருகிறது. பழைய பதிவின் குறையா, அதுவும் ஒரு வாத்தியமா? வாத்தியம் என்றால் அது ஏன் ஓயாமல் ஒலிக்க வேண்டும்?”

நேயர் பாதி விடையைத் தாமே சொல்லிவிட்டார். அங்கே ஒருவர் உண்மையாகவே உலோகத் தகட்டைத்தான் சுரண்டுகிறார். அக்கார்டியன் வாசித்துக்கொண்டே பாடுகிறவர் கிளிஃப்டன் ஷெனியே, தகட்டைச் சுரண்டுகிறவர் அவருடைய அண்ணன் கிளீவ்லண்ட் ஷெனியே. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஒப்பலூசஸ் என்னும் ஊரை அடுத்த பகுதியில், பிரெஞ்சு பேசும் கறுப்பினக் கிரியோல் குடும்பத்தில் பிறந்தவர்கள். இவர்கள் வாசிப்பது அந்த மக்களின் நடன இசையான சைடெகோ. இந்த இசைத்தட்டு 1975-இல் அதே மாநிலத்தின் போகலூசா என்ற ஊரில் பதிவாகி, அடுத்த ஆண்டு ஆர்ஹூலி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. ஒலிப்பதிவில் குறை எதுவும் இல்லை. குறை கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இருக்கிறது. பேஸ் கிதாரின் அடியொலியையும் டிரம்மின் கனத்த அடியையும் அது விழுங்கிவிடும். உரசலைப் போன்ற கூரிய மேலொலியை மட்டும் தாராளமாகக் கொடுக்கும். துணைக்கு நிற்க வேண்டிய ஒலிகள் மறைந்துவிட்டதால், உரசல் தனியாக, இரைச்சலாக, உங்கள் காதில் விழுந்திருக்கிறது.

அந்தக் கருவிக்கு ரப்போர்டு என்று பெயர். பிரெஞ்சில் ஃப்ரொத்வார் என்பார்கள். துணி துவைப்பதற்காக வீட்டில் வைத்திருந்த வரிவரியான தகரப் பலகையைத்தான் கிரியோல் மக்கள் முதலில் வீட்டு நடனங்களில் வாத்தியமாக்கினார்கள். கழுத்தில் கயிற்றால் தொங்கும் பலகை ஆடும், நழுவும். வாசிப்பவரின் கவனத்தில் பாதி அதைப் பிடித்து நிறுத்துவதிலேயே போய்விடும். 1946-இல் கிளிஃப்டன் டெக்சாஸில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தபோது, வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளியிடம் தாம் நினைத்த வடிவத்தை மண்ணில் வரைந்து காட்டினார் என்றும், அவர் அதைப் பார்த்துச் செய்து கொடுத்தார் என்றும் சொல்வார்கள். தோள்களின் மேல் வளைந்து மாட்டிக்கொண்டு, மார்பிலிருந்து வயிறுவரை உள்சட்டையைப்போல இறங்கும் அந்த உலோகத் தகடு இரண்டு கைகளையும் விடுவித்தது. கிளீவ்லண்ட் அந்தக் கைகளில் சோடாப் புட்டி திறக்கும் ஓப்பனர்களைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். வெறும் சமையலறைச் சாமான்தானே என்று நான்கூட ஒருகாலத்தில் நினைத்ததுண்டு.

இனி, ஓயாமல் ஒலிப்பது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். டிரம்மில் அடி விழுந்து அடங்குகிறது. அக்கார்டியனிலோ துருத்தியில் காற்று உள்ளவரை ஸ்வரம் நீண்டுகொண்டே போகிறது. நம் ஆர்மோனியத்தைப் போலவே இதிலும் காற்றில் அதிரும் உலோக நாக்குகள்தான் ஒலியைத் தருகின்றன. ஆகவே அந்த ஒலிக்கு நீளம் அதிகம், முனை குறைவு. நீண்டு செல்லும் ஒலியை மட்டும் நம்பி ஒரு கூடம் நிறைய மனிதர்கள் கால் எடுத்து வைக்க முடியாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கிக் காட்ட ஒருவர் வேண்டும். கீழே ஓர் இழுப்பு, மேலே ஓர் இழுப்பு, நடுவில் சற்றே அழுத்தம் என்று கிளீவ்லண்ட் செய்வது அதைத்தான். நடுவே அவர் நிறுத்தினால் ஆடுகிறவர்கள் தடுமாறுவார்கள். அவர் வெறுமனே தாளம் காட்டுகிறார் என்றும் நினைக்க வேண்டாம். தம்பி ஒரு வரியைப் பாடி நிறுத்தும் இடத்தில் அண்ணனின் அழுத்தம் மாறுவதைக் கவனித்துப் பாருங்கள்.

அக்கார்டியனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் பழைய தலைமுறையினர் பெரும்பாலும் பொத்தான் அக்கார்டியனையே வாசித்தார்கள். அதில் துருத்தியை அழுத்தும்போது ஒரு ஸ்வரமும் இழுக்கும்போது வேறொரு ஸ்வரமும் வரும், கிடைக்கும் ஸ்வரங்களும் குறைவு. கிளிஃப்டன் எடுத்துக்கொண்டது பியானோக் கட்டைகள் கொண்ட அக்கார்டியன். பன்னிரண்டு ஸ்வரத்தானங்களும் கைக்கு எட்டியதால்தான், பிரெஞ்சுப் பாட்டுக்குள், கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகையான புளூஸின் சாயலை அவரால் அவ்வளவு இயல்பாகக் கொண்டுவர முடிந்தது. சைடெகோ என்ற பெயருக்கே, பீன்ஸில் உப்பில்லை என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் ஒன்றை மூலமாகக் காட்டுவார்கள். உப்பில்லை என்றால், அதில் போட உப்புக்கண்டம் வாங்க வழியில்லாத வீடு என்று கருத்து.

ஆகவே நேயர் இன்னொரு முறை, நல்ல ஹெட்ஃபோனிலோ பெரிய ஒலிபெருக்கியிலோ, அதே இசைத்தட்டைக் கேட்க வேண்டும். முதல் பாட்டில் அக்கார்டியனை விட்டுவிட்டு உரசலை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த பாட்டில் உரசலும் டிரம்மும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பாருங்கள். அதன் பிறகு ஜான் ஹார்ட்டின் சாக்ஸஃபோனையும் பால் செனகலின் கிதாரையும் உள்ளே விடுங்கள். அப்போதும் கூட்டத்தில் ரப்போர்டு பிடிபடவில்லை என்றால், 1965-இல் வந்த ‘லூசியானா புளூஸ் அண்ட் சைடெகோ’ இசைத்தட்டின் பிரெஞ்சுப் பாட்டுகளுக்குப் போங்கள். அங்கே வாத்தியங்கள் குறைவு. அக்கார்டியனுக்குப் பக்கத்திலேயே தகடு ஒலிக்கும்.