அறுப்பு வண்டி வாடகை: கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் பார்த்த அதே வயல்தான், அறுப்பு முடிந்து மொட்டையாகக் கிடக்கிறது. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. பெல்ட் வண்டிக்கு (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் நெல் அறுப்பு மிஷின்) மணிக்கு 2,600 ரூபாய் என்று போனில் சொன்ன புரோக்கர் தம்பி, வண்டி வயலில் இறங்கிய பிறகு டிரைவர் படி, அது இது என்று இழுத்து 2,800-இல் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு 350 ரூபாய் கூடுதல். இதற்கா இவ்வளவு பேச்சு என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இதற்குத்தான்! டயர் வண்டி சொல்லியிருக்கலாமே என்று கமென்ட் போடாதீர்கள், ஈரம் காயாத வயலில் அது புதைந்து நிற்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு ஏக்கர் பொன்மணி ரக நெல்லை வண்டி ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது. நீங்கள் விடாமல் கேட்டீர்களே என்று பக்கத்தில் ஒரே ஒரு மாவில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மாப்பிள்ளை சம்பா என்ற பாரம்பரிய நெட்டை ரகம் போட்டிருந்தேன். ஆள் உயரம் வளர்ந்து, மழையில் பாயாகப் படுத்துவிட்டது. படுத்த பயிரை, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து ஒரே திசையில்தான் வாரி எடுக்க வேண்டும், அதனால் வண்டி வெறுமனே திரும்பி வந்து திரும்பி வந்து அறுத்தது. அந்த ஒரு மாவுக்கு முக்கால் மணி!

மிஷின் வந்துதான் விளைச்சல் கூடியது என்று சிலர் சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மிஷின் ஆள் பஞ்சத்துக்கு ஆகும், மழைக்கு முன் நெல்லைக் கரையேற்றும், அவ்வளவுதான். கதிரில் மணியைக் கூட்டியது விதை. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐஆர் 8 குட்டை ரகம். நெட்டை ரகத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் மேலே மேலே வளர்ந்து சாயும், இது சாயாமல் நின்று அந்த உரத்தைக் கதிராக்கியது. இந்தோனேசியாவின் பீட்டா ரகத்தோடு தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் ரகத்தைச் சேர்த்து எடுத்தது, குட்டை குணம் தைவான் ரகத்தினுடையது.

அட, நம்ம ஊர் நெல் ரகம் ஆடுதுறை 27-ஐ விட்டுவிட்டேனே! ஐஆர் 8 இங்கே வருவதற்கு முன்பே ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம்ம ஜிஇபி 24 நெல்லையும் கலந்து ஆடுதுறையில் எடுத்தது. சுமார் 105 நாளில் குறுவை வீட்டுக்கு வந்துவிடும். தஞ்சாவூர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, மாப்பிள்ளை சம்பா இனி உண்டா? உண்டு, வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும், அதுவும் கையறுப்பு. அப்புறம் வைக்கோல். பெல்ட் வண்டி மிதித்தது போக மிச்சத்தைக் கட்டு கட்ட நாளைக்கு வண்டி வருகிறதாம், கட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.