தூக்குவது வேறு, நிறுத்துவது வேறு

எல்லோருக்கும் வணக்கமுங்க. பீளமேடு, கணபதிப் பக்கம் மோட்டார் வேலை பார்க்கிறவர்களும், பொள்ளாச்சித் தோட்டத்துக்காரர்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பழக்கமான விஷயத்தைத்தான் பேசப்போகிறேன்: மாறும் காந்தப்புலம் உலோகத்தை எப்படித் தள்ளுகிறது, இழுக்கிறது, சுழற்றுகிறது என்பதை.

இந்தக் காயிலின் நடுவே இரும்புக் கம்பிக் கட்டு. அதில் ஓர் அலுமினிய வளையம். சுவிட்சைப் போடுகிறேன்... பார்த்தீர்களா, என்ன உயரம் தாவியது! இப்போது அதே அளவு வளையம், ஓரிடத்தில் மட்டும் ரம்பத்தால் அறுத்தது. அசையவே இல்லை. மின்சாரம் சுற்றி ஓட வழியில்லை, அதனால் தாவலும் இல்லை. அமெரிக்க மின்பொறியாளர் எலிஹு தாம்சன் 1880களில் காட்டிய சோதனை இது.

மாறும் காந்தப்புலம் வளையத்தில் மின்சாரத்தைத் தூண்டும், அந்த மின்சாரம் அந்த மாற்றத்தையே எதிர்க்கும் என்ற லென்ஸ் விதியைச் சொல்லி இதைப் பாடத்தில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. நம் லைன் 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலையும்; அதோடு காந்தப்புலமும் ஏறி இறங்கும். புலம் ஏறும்போது வளையத்தைத் தள்ளும், இறங்கும்போது இழுக்கும். வளையத்தில் மின்தடை மட்டுமே இருந்தால் இரண்டும் சமமாகி, வளையம் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் வளையத்துக்குத் தன் மின்தூண்டல் உண்டு, அதாவது தன்னில் ஓடும் மின்சாரம் மாறுவதைத் தானே எதிர்க்கும் குணம். அதனால் மின்சாரம் பிந்துகிறது, தள்ளல் இழுப்பை மிஞ்சுகிறது.

சரி, தூக்கியாச்சு. நிற்குமா? கம்பிக் கட்டு இல்லாமல் வெறும் காயிலின் மேல் ஒரு தட்டை மிதக்க விட்டால், புலம் குறைந்த பக்கமாக நழுவி விழும். அதனால் உலோகத்தை அந்தரத்தில் நிறுத்தி உருக்குகிறவர்கள் காயிலைப் புனல் போலச் சுற்றி, மேலே ஓரிரு சுற்றுகளை எதிர்த்திசையில் வைக்கிறார்கள். நடுவில் புலம் குறைவு, சுற்றிலும் அதிகம். உலோகம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் திரும்பத் தள்ளப்படும். எனக்கு இந்த அமைப்பின் மேல் தனிப் பிரியம்.

தோட்டத்து மூணு பேஸ் மோட்டாரில் இதற்கு நேர் எதிரான நிலையை, கொஞ்சம் நகர்ந்தால் திரும்பாமல் மேலும் விலகிப் போகும் நிலையைப் பார்க்கலாம். ஓடும்போது ஒரு பேஸ் போனால் திணறியாவது ஓடும். நின்ற மோட்டாரை அப்படிப் போட்டால் உறுமும், சுற்றாது. விட்டால் வைண்டிங் எரிந்துவிடும். ஏன்? மீதிப் பேஸ் தரும் புலம் சுழலாமல் முன்னும் பின்னும் அலைகிறது. அலையும் புலம் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புலங்களுக்குச் சமம். நிற்கும் ரோட்டாரை, அதாவது மோட்டாரின் சுழலும் பகுதியை, இரண்டும் ஒரே அளவில் எதிரெதிராக இழுக்கின்றன. கொஞ்சம் வேகமாகச் சுற்றிவிட்டால் அந்தப் பக்கத்து இழுப்பு ஓங்கும், வேகம் இன்னும் கூடும். வீட்டு சிங்கிள் பேஸ் மோட்டாரில் கெப்பாசிட்டர் வைப்பது இதற்காகத்தான்: இரண்டாவது வைண்டிங்கின் மின்சாரத்தை அது முந்த வைத்துப் புலத்தையே சுழல விடுகிறது.