கன்னி மூலை டேங்க்கும் சோலார் பேனலும்: ஒரு பஞ்சாயத்து

வணக்கமுங்க! நாங்க கட்டற புது வீட்டுல டேங்க் இடம் மாறிடுச்சு! போன வீடியோவுல பிளானைக் காட்டினப்பவே எனக்குப் பொருமல்தான், பாத்தவங்களுக்குத் தெரியும். கன்னி மூலையில ஹெட்ரூம், அதாவது மாடிப்படி முடியற இடத்து ரூம், அதுக்கு மேல தண்ணி டேங்க். வாஸ்துப்படி கன்னி மூலையான தென்மேற்குல உசரமும் கனமும் இருக்கணுமாம். இருக்கட்டுமுங்க, ஆனா என்ற சோலார் பேனல் எங்க போறது?

கணக்கு சொல்றேன். ஹெட்ரூம் 9 அடி, டேங்க் 6 அடி, மொத்தம் 15. நம்ம கோயமுத்தூர் 11 டிகிரி வடக்குல இருக்கு. மார்கழி மத்தியானம் சூரியன் தெக்கால சாஞ்சு நிக்கும், 15 அடிக்கு 10 அடி நிழல் வடக்க விழும். மூணு மணிக்கு அதே நிழல் 20 அடி கிட்ட நீண்டு, நேரா பேனல் மேல வந்து படுக்கும். வரிசையா கோத்திருக்கிற பேனல்ல ஒண்ணு நிழல்ல மாட்டினாலும் மொத்த ஸ்ட்ரிங்கும் அடி வாங்கும். அதையே வடமேற்குல வச்சா? ஆனி மாசம் உச்சிக்கு நிழல் தெக்க 3 அடி சொச்சம். அவ்வளவுதான்!

இஞ்சினியர் தலையாட்டினாரு. அப்பா ஆட்டல. கடைசியில இன்னொரு வாஸ்துக்காரரைக் கூட்டிட்டு வந்தேன், வாயு மூலையில, அதான் வடமேற்குல, வச்சாலும் தப்பில்லைன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. 2,000 ரூபா தட்சிணை. சோலார்ல நான் போட்டதுலயே லாபமான 2,000 இதுதானுங்க, சிரிக்காதீங்க.

இன்னொண்ணு விட்டுட்டேன். 5 கிலோவாட் போடறேன், ஒரு கிலோவாட்டுக்குச் சுமாரா ஒரு நாளைக்கு 4 யூனிட், ஆக 20. அரசு மானியம் 78,000 தான். 3 கிலோவாட்டுக்கும் அதே, 5க்கும் அதே, அதனால பெருசாப் போட்டா கூடக் கிடைக்கும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. பேனலை 8 அடி உசரத்துல தூக்கித்தான் வைக்கிறேன், அம்மாவுக்கு வத்தல் காயவைக்க இடம் வேணும். (மேல சொன்ன நிழல் கணக்கு மொட்டைமாடித் தரைக்கு; தூக்கி வச்சா நிழல் பாதியாக் குறையும், ஆனா போகாது.) அதுக்கு இரும்புக்குத் தனி ரேட்டு கேட்டாங்க பாருங்க, தங்கத்துல கம்பியான்னு கேட்டுட்டேன்! ஆனா அதுல கஞ்சம் புடிக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆடியில அடிக்கிற அடிக்கு, கால் ஒவ்வொண்ணும் கான்கிரீட்ல உக்காந்திருக்கணும். பேனல் நிழல்ல கீழ் ரூமும் சூடு குறையும், அது சும்மா கிடைக்கிறது.

கரண்ட் போனா சோலார் ஓடுமான்னு இன்னும் கேக்கறீங்க. பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடற ஆன்கிரிட்ல ஓடாதுங்க! கம்பத்துல ஏறி வேலை பாக்கற லைன்மேனுக்கு நம்ம வீட்டுக் கரண்ட் அடிக்கக் கூடாதுன்னுதான் இன்வெர்ட்டர் தானா நின்னுக்கும்.

சரி, எலக்ட்ரிக் காருக்கு வர்றேன். 7.2 கிலோவாட் சார்ஜரைத் தலையில கட்டப் பாப்பாங்க. ஒரே லைன்ல 32 ஆம்பியர் இழுக்கும் அது, எனக்குப் புடிக்கவே புடிக்காது. 15 ஆம்பியர் பிளக்குல 3.3 கிலோவாட் போதுமுங்க. ராத்திரி எட்டு மணி நேரம் மாட்டிவிட்டா 150 கிலோமீட்டர் தாராளமா ஓடும். பொள்ளாச்சி போய்ட்டு வந்தாலும் மிச்சம் இருக்கும். ஆனா போர்டிகோவுக்கு 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், தனி எர்த் குழி, தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்), மூணும் டைல்ஸ் போடறதுக்கு முன்னாடியே. பைப்பு எந்தச் செவுத்துல போகுதுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஆங், ஃபேன்! பழைய ஃபேன் 75 வாட்ஸ், பிஎல்டிசின்னு வர்ற புது மோட்டார் ஃபேன் 30க்குள்ள. இருக்கிற ஃபேனை மாத்தாம முதல்ல பேனலைக் கூட்டறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது. மேக்குச் செவுத்துப் பக்கம் பாத்ரூமும் அலமாரியும் தள்ளிட்டோம், சாயங்கால வெயிலை அதுங்க வாங்கிக்கட்டும்.

அடுத்த வாரம் கம்பி கட்டறாங்க. டேங்க் எங்க வருதுன்னு மேஸ்திரிகிட்ட சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டப் போறேன், இல்லைன்னா பழக்கத்துல மறுபடியும் கன்னி மூலையிலயே தூக்கி வச்சிருவாரு!