ஏசி டிராக்டர் யாருடையது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். உள்ளே பொங்கல் ஆறிக்கொண்டிருப்பதால் வணக்கம் இவ்வளவுதான்.

அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு இளம் விவசாயியின் ஆயுளைக் குறைப்பது இயந்திரமா, கடனா? எங்கள் அணி கடன் என்கிறது. எதிரணிச் சகோதரி இயந்திரம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். போகிற போக்கில், "ஏசி டிராக்டரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உழுகிறவனைக் கடனாளி என்று சொல்லி எதிரணி ஒப்பாரி வைக்கிறது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் சத்தம் கொஞ்சம் அதிகம்.

சரி, முதலில் அந்த ஏசி டிராக்டரை ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

போன ஜனவரியில் இதே அயோவா மாநிலத்தில், மண் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். குறுக்கு வழி வேண்டாம் என்று வீட்டம்மா சொன்னார். நான் ஜிபிஎஸ் சொன்னதைக் கேட்டேன். அதுவும் பெண் குரல்தானே! பனியில் வழுக்கிக் கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது. சுற்றிலும் ஆள் அரவமே இல்லை. அப்போது தடதடவென்று ஒரு டிராக்டர் வந்தது. அதன் மேல் ஒரு பையன், மீசை கூடச் சரியாக அரும்பவில்லை. டிராக்டருக்குக் கூரையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஏசி மட்டும் இருந்தது நடுவர் அவர்களே! மைனஸ் இருபது டிகிரி, நாலா பக்கமும் ஏசி! பாட்டும் இருந்தது. அவன் பல் தந்தியடித்ததே, அதுதான் பாட்டு!

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் சொல்கிறேன், மேலே ஏசி, கீழே ஏசி, காதுக்குள்ளே ஏசி!

சங்கிலி போட்டு ஒரே இழுப்பில் காரை மேலே கொண்டுவந்தான். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. வீட்டம்மா முறுக்கு டப்பாவை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டான். ஒன்றை எடுத்துக் கடித்தான். டிராக்டர் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. பல்லா முறுக்கா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் தீர்ப்பு வரவில்லை. அந்த வழக்குக்கும் நீங்களே நடுவராக இருந்தால் தேவலை.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த டிராக்டர் அவன் தாத்தா வாங்கியது, அறுபதுகளின் மாடல். "உங்கள் ஊரில் பெரிய டிராக்டர் இருக்குமே?" என்றேன். தூரத்தில் ஒரு பண்ணையைக் காட்டினான். "அவருக்கு எழுபது வயது. அது வாங்க எனக்கும் எழுபது வயதாக வேண்டும்" என்றான்.

கேட்டீர்களா சகோதரி? ஏசி டிராக்டர் உண்டு, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் உட்கார்ந்திருப்பது யார்? 2022 கணக்கெடுப்பில் அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 58.1. முப்பத்தைந்துக்குக் கீழே இருப்பவர்கள் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. புது கம்பைன், அதாவது அறுவடை இயந்திரம், ஐந்து லட்சம் டாலரைத் தாண்டி ஆனை விலை விற்கிறது. அயோவாவில் நல்ல நிலம் ஏக்கர் பத்தாயிரம் டாலருக்கு மேல். அதனால் பையன் குத்தகைக்கு எடுக்கிறான். வசந்தத்தில் விதைக்கும் உரத்துக்கும் வங்கியில் வாங்கி, அறுவடையில் கட்டுகிறான். மிச்சம் இருந்தால் டீசலுக்கு.

தாத்தா டிராக்டர் கவிழ்ந்தால் என்ன ஆகும்? ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் அமெரிக்காவில் புது டிராக்டர்களில் வழக்கமானதே 1985க்குப் பிறகுதான். அந்தச் சட்டகமும் சீட் பெல்ட்டும் இருந்தால் பெரும்பாலும் உயிர் தப்பிவிடலாம். இல்லாத டிராக்டரை ஓட்ட வைத்தது எது? இயந்திரம் கொன்றது, சரி. புது இயந்திரம் வாங்கவிடாமல் தடுத்தது யார்?

மக்காச்சோளக் குதிர் ஒன்றையும் பாருங்கள். நம் ஊர்க் குதிர் இல்லை, மாடி உயரத் தகர உருளை. 2009இல் மழையோடு அறுவடை, ஈரச் சோளம். காய வைக்கக் கேஸ் செலவு. செலவுக்குப் பயந்து முழுக்கக் காயாமல் போட்டால் பூசணம் பிடித்துக் கட்டிதட்டும், அடியில் குழாய் அடைக்கும். கம்பியோடு உள்ளே இறங்கிக் குத்துவார்கள். அடியில் சோளம் ஓடிக்கொண்டிருந்தால் நாலைந்து நொடியில் முழங்கால் வரை இழுத்துவிடும், அப்புறம் தானாக வெளியே வர முடியாது. இருபது இருபத்தைந்து நொடியில் தலை மூழ்கிவிடும். நடுவர் மணியை எடுத்து அடிப்பதற்குள்! அடுத்த வருடம், 2010இல், இப்படிச் சிக்கியவர்கள் நாடு முழுக்க ஐம்பதுக்கும் மேல். அந்த ஜூலையில் இல்லினாய் மாநிலத்து மவுன்ட் கேரலில் செத்த இருவருக்கு வயது பதினான்கும் பத்தொன்பதும். கூலிக்குப் போன பிள்ளைகள்.

இதற்கு மேல் எனக்கு வாதம் வரவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோளம் முற்றி நிற்கும்போது ஒருவன் போய்விட்டால், சுற்றுவட்டாரம் தன் அறுவடையைப் போட்டுவிட்டு வரும். பத்துப் பன்னிரண்டு கம்பைன் வரிசையாக இறங்கி, வாரக்கணக்கான வேலையை ஒரே நாளில் முடித்துவிடும். வீட்டுப் பெண்கள் சோறு கொண்டுவருவார்கள். யாரும் பில் போடுவதில்லை. வந்து அறுத்துக் கொடுத்தது இயந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன் சகோதரி, அந்த மதிப்பெண்ணை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசலில் நின்று பார்க்கிறாளே ஒரு தாய், பள்ளியில் படித்தபோது அவன் போட்ட நீலக் கார்டுராய் கோட்டை, மார்பில் பெயர் தைத்த அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு? அவளிடம் போய் இயந்திரமா கடனா என்று கேட்க நம்மில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

நடுவர் அவர்களே, தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். கூட்டத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. இன்றிரவு திரும்பிப் போகும்போது, மெதுவாகப் போகும் வண்டி என்று காட்ட, பின்னால் ஆரஞ்சு முக்கோணம் மாட்டிய ஒரு டிராக்டர் உங்கள் முன்னால் ஊர்ந்து போகும். ஹாரன் அடிக்காதீர்கள். பிள்ளை வீடு போய்ச் சேரட்டும். வணக்கம்.