யூபிஎஸ் டெஸ்ட்: கரன்ட்டைத் திருப்பித் தரும் லோடு

(காட்சி: காட்பாடி. தகரக் கூரை ஒர்க்‌ஷாப். சுவரோரம் நைக்ரோம் காயில் ரேக், செக்கச் சிவந்து.)

யூபிஎஸ்ஸை டெஸ்ட் பண்ண, அது தர்ற கரன்ட்டை இழுக்க ஒரு லோடு மாட்டணும். இங்கே அது இந்தக் காயில் ஹீட்டர். 10 கேவிஏ யூபிஎஸ், பவர் ஃபாக்டர் (கேவிஏல நிஜ வாட்டாகிற பங்கு) 0.8. அதாவது 8 கிலோவாட். ஃபுல் லோடில் எட்டு மணி நேரம் ஓட்டினா 64 யூனிட் இந்தக் காயில்ல சூடாப் போகுது. வேலூர் மே மாசத்துல, கூரைக்குக் கீழே எட்டு இஸ்திரிப் பெட்டி போட்ட மாதிரி.

காசை விடுங்க, ஹீட்டருக்கு இன்னொரு குறை. அது வோல்டேஜ் எப்படியோ அப்படியே கரன்ட் இழுக்கும். கம்ப்யூட்டர் பவர் சப்ளை அலையின் உச்சியில மட்டும் வெடுக்குனு இழுக்கும். ஹீட்டர்ல பாஸான யூபிஎஸ் ஆபீஸ்ல போய் டிரிப் ஆகிறது இதனாலதான்.

(காட்சி: ரீஜெனரேட்டிவ் லோடு, அதாவது இழுத்த கரன்ட்டைத் திருப்பித் தரும் பெட்டி, மூடி திறந்து.)

உள்ளே ரெண்டு கட்டம். முதல் கட்டம் நாம கேட்ட வடிவத்துல கரன்ட் இழுக்கும். கிரெஸ்ட் ஃபாக்டர் (கரன்ட்டோட உச்சி அதன் ஆர்எம்எஸ் அளவுக்கு எத்தனை மடங்குங்கிறது) 3 கூட வைக்கலாம். நடுவுல டிசி பஸ், ரெண்டு கட்டத்தையும் இணைக்கிற டிசி லைன்; அதுலதான் இந்தத் தடித்த கெப்பாசிட்டர்கள். ரெண்டாவது கட்டம் இபி லைனோட ஃபேஸ் பார்த்து, அதோட ஒட்டி, அதே பேனலுக்குத் திருப்பி அனுப்பும்.

எஃபிஷியன்ஸி, அதாவது உள்ளே போறதுல வெளியே வர்ற பங்கு, யூபிஎஸ்ஸுக்கு 92 சதவீதம், லோடுக்கு 90 சதவீதம்னு வைங்க. யூபிஎஸ்ஸுக்குள்ளே 8.7 கிலோவாட் போகுது, லோடுல இருந்து 7.2 திரும்புது. எட்டு மணி நேரத்துக்கு 70 யூனிட் ஆகிற இடத்துல 12 யூனிட்.

இப்போ மாட்டிக்கிற இடம்: பேட்டரி பேக்கப் டெஸ்ட். யூபிஎஸ் லைன்ல இருந்து எதுவும் எடுக்காது, ஆனா 7.2 கிலோவாட் பேனலுக்கு வந்துட்டே இருக்கும். கம்ப்ரஸர், லேத் ஓடினா அதுங்க தின்னுடும். சாப்பாட்டு வேளையில எல்லாம் ஆஃப் ஆனா? மீட்டர் தாண்டி வெளியே ஓடும். மின்வாரிய அனுமதி இல்லாம அப்படி அனுப்பக் கூடாது. போதாக்குறைக்கு, சில மீட்டர் வெளியே போறதையும் நம்ம செலவுலயே எழுதிடும். கடை டீசல் ஜெனரேட்டர்ல ஓடும்போது செஞ்சா இன்னும் மோசம், பவர் ஜெனரேட்டரையே பின்னாடி தள்ளும். அப்போ பேக்கப் டெஸ்ட் வேண்டாம்.

நியூட்ரலையும் பாருங்க. ஐசொலேஷன் (ரெண்டு பக்கத்தையும் மின் தொடர்பு இல்லாம பிரிச்சு வைக்கிறது) இல்லாத லோடுன்னா யூபிஎஸ் நியூட்ரலும் லைன் நியூட்ரலும் உள்ளே சந்திச்சு, ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற பிரேக்கர்) விழும். பிரேக்கர் பழுதுன்னு மாத்தி மாத்திப் போடுறவங்க உண்டு.

புது லோடு வந்ததும் முதல் வேலை: குறைஞ்ச லோடுல, லைன் பக்க எம்சிபியை (சின்ன சர்க்யூட் பிரேக்கரை) இறக்குங்க. ரெண்டு கட்டமும் உடனே நிக்கணும். நிக்கலைன்னா, கரன்ட் போன லைன்ல கை வைக்கிற ஆளுக்கு அது ஷாக்.

(காட்சி: மறுபடி காயில் ரேக்.)

இதைப் பழைய இரும்புக்குப் போட்டுடாதீங்க. அதே பேனல்ல கட்டி வைங்க. பேக்கப் டெஸ்ட் நடக்கிற அரை மணி நேரம் மட்டும் ஆன் பண்ணா, மிஞ்சுற கரன்ட் மீட்டரைத் தாண்டாது.