ஆறு ஆசனமும் ஐந்தால் வகுப்பதும்

அவையிலுள்ள பெரியோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பொதுத் தேர்தல் முடிந்த மறுநாள், வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்திலோ முருங்கனிலோ ஒரு தேத்தண்ணிக்கடையில் ஏறி இருந்தால் ஒரே கதைதான்: "எல்லாரும் பிரிஞ்சு நிண்டு கேட்டவை, ஆசனம் போச்சு." அரசியல்வாதியைப் பகிடி பண்ணுவதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. அது நடக்கட்டும். ஆனால் அந்தக் கதையில் பாதிதான் சரி. மற்றப் பாதியை, ஆசனம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லையைச் சரிப்படுத்துவோம். நிலத்தால் கிளிநொச்சியும் வன்னிதான். ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது வவுனியா, மன்னார், முல்லைத்தீவு என்ற மூன்று தொகுதிகள் மட்டும். கிளிநொச்சிக்காரரின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படுகிறது. கிளிநொச்சியின் பரந்தனில் இருந்துகொண்டு "எங்கட வன்னி எம்.பி." என்று ஏசுகிறவர் அந்த ஆளுக்கு எதிராக வாக்குப் போடவே முடியாது. ஏசலாம், அதற்குத் தடையில்லை.

வன்னிக்குப் பாராளுமன்றத்தில் ஆறு ஆசனம். சனம் வழக்கமாக விடும் பிழை, மொத்த வாக்கை ஆறால் வகுப்பது. சட்டத்தில் அப்படியில்லை. செல்லுபடியான வாக்கில் 5 வீதம் எடுக்காத கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் முதலில் கழிக்கப்படும். 1978 அரசியல் யாப்பில் இந்த வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்காக, அதாவது 12.5 வீதமாக இருந்தது. 1988இல் இருபதில் ஒன்றாக இறக்கினார்கள். அடுத்ததாக, மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் ஐந்து. கழித்தது போக மிஞ்சிய வாக்கை அந்த ஐந்தால் வகுத்தால் வருவதுதான் ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலைக்கு எத்தனை முழு ஆசனம் வருகிறதோ அதைக் கொடுத்துவிட்டு, மீதி ஆசனங்களை மீதி வாக்கு கூடியவர்களிடமிருந்து தொடங்கிப் பங்கிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு, கையில் பேனை உள்ளவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். செல்லுபடியான வாக்கு 1,00,000. 'அ' கட்சிக்கு 36,000, 'ஆ'வுக்கு 24,000, 'இ'க்கு 18,000, 'ஈ'க்கு 14,000. உதிரிகள் எல்லாருக்குமாக 8,000; அதில் ஒருவரும் 5,000ஐத் தொடவில்லை. உதிரியைக் கழித்தால் 92,000. ஐந்தால் வகுத்தால் 18,400. 'அ'வுக்குப் போனஸ் ஒன்று, விலைக்கு ஒன்று, மீதி 17,600. 'ஆ'வுக்கு ஒன்று, மீதி 5,600. 'இ'யும் 'ஈ'யும் விலையை எட்டவில்லை; அவர்களுடைய வாக்கு முழுவதும் மீதிதான். இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. மீதி கூடிய ஒழுங்கில் 'இ', 'அ', 'ஈ' ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். முடிவு: 'அ'வுக்கு மூன்று, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று.

இப்போது தேத்தண்ணிக்கடைக் கதைப்படி 'இ'யையும் 'ஈ'யையும் ஒரே சின்னத்தில் நிறுத்துவோம். 32,000 வாக்கு. விலைக்கு ஒன்று, மீதி 13,600. அந்த மீதிக்கு இன்னொன்று. மொத்தம் இரண்டு. பிரிந்து நின்றபோதும் இரண்டுதான்! மாறாக 'ஆ'வும் 'இ'யும் சேர்ந்தால் 42,000 ஆகி முதலிடமும் போனஸும் அவர்களிடம் போய்விடும்: அவர்களுக்கு மூன்று, 'அ'வுக்கு இரண்டு, 'ஈ'க்கு ஒன்று. சேர்ந்து முதலிடத்தைப் பிடிக்கிற கூட்டுக்கு லாபம். பிடிக்காத கூட்டுக்கு மேடையும் மாலையும் மட்டும் மிச்சமாகலாம்.

பிரிவு உண்மையில் வெட்டுகிற இடம் வேறு. 'ஈ'யின் 14,000ஐ மூன்று சுயேச்சைக் குழுக்கள் ஏறக்குறையச் சமமாகப் பங்கு போட்டால் மூன்றும் 5 வீதத்துக்குக் கீழே விழும். அப்போது 78,000ஐத்தான் ஐந்தால் வகுப்பார்கள், விலை 15,600. 'ஈ' எடுத்திருக்க வேண்டிய ஆசனம் 'ஆ'வின் மடியில் விழுகிறது. அதாவது உதிரிக்குப் போட்ட புள்ளடி, கழிக்கப்பட்டு, மற்றவருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கிறது.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் வன்னியில் முதலிடம் வந்த தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 வீத வாக்கு, ஆசனம் இரண்டு. மற்ற நான்கும் நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்றாகப் போயின. போனஸ் எவ்வளவு பெரியது என்று அதில் தெரியும்.

வாக்குச் சீட்டிலும் பிழை விடுகிறார்கள். பொதுத் தேர்தலில் முதலில் சின்னத்துக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி. பிறகு விரும்பினால் கீழேயுள்ள வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை; அதுதான் விருப்பு வாக்கு. வன்னியில் ஒரு பட்டியலில் ஒன்பது பேர், ஆறு ஆசனத்தோடு மூன்று கூட. நான்கு இலக்கத்தில் போட்டால் கட்சி வாக்குச் செல்லும், விருப்பு வாக்குச் செல்லாது. சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் போட்டால் முழுச் சீட்டும் நிராகரிப்பு. ஜனாதிபதித் தேர்தலில் கதை வேறு: அங்கே வேட்பாளர்களுக்கு எதிரே விருப்ப ஒழுங்கில் 1, 2, 3 என்று எழுதலாம். பிரதேச சபைத் தேர்தலில் ஒரே புள்ளடி. விருப்பு வாக்கே இல்லை. மூன்றையும் போட்டுக் குழப்பினால் எண்ணும் மேசையில் பார்க்கிறவர் என்ன செய்வார்?

இதே கவனம் வரலாற்றுக் கதைக்கும் வேண்டும். முல்லைத்தீவுக் கற்சிலைமடுவின் நினைவுக் கல், பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் வன்னியின் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்கிறது; நாள் 1803 ஒக்ரோபர் 31. அன்று அவன் இறந்தான் என்று அதில் இல்லை. நாங்கள் மேடையில் அதையும் சேர்த்து வாசித்துவிடுகிறோம்.

கடைசியாக, யாராவது எம்.பி. பதவி விலகினார் என்று செய்தி வந்ததும் "இடைத்தேர்தல் வருகுது" என்று கதை கிளம்பும். வராது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே போவார். அப்படிக் கதை கிளப்புகிறவரிடம் அந்த அடுத்த ஆளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.