நடுவில் ஒரு கோடு

அனைவருக்கும் மாலை வணக்கம். வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார்: "பாலத்தைப் பற்றிப் பேச ஆப்பிரிக்கா வரைக்குமா போகணும்?" போகத்தான் வேண்டும். ஜாம்பியாவையும் ஜிம்பாப்வேயையும் இணைக்கும் விக்டோரியா அருவிப் பாலம் மாதிரி ஒன்று வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில், பாலம் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அருவிக்கு மேலே ஜாம்பேசி ஆறு பரந்து, சாதுவாக ஓடுகிறது. அங்கே பள்ளத்தாக்கே கிடையாது. ஆனால், கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்கு ரயில் விடக் கனவு கண்ட பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸுக்கு ஓர் ஆசை: போகிற ரயில்மேல் அருவியின் சாரல் விழ வேண்டும். அதனால் பாலத்தை அருவிக்குக் கீழே, ஆற்றுக்கு 128 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டியதாயிற்று. ஆசைப்பட்டவர் 1902-இல் இறந்துபோனார். அந்த அருவியைக்கூட அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை!

எஃகுத் துண்டுகளை இங்கிலாந்தின் டார்லிங்டனில் செய்து, அங்கேயே கோத்துச் சரிபார்த்து, கழற்றிக் கப்பலேற்றினார்கள். இரு கரையிலிருந்தும் வளைவு நீண்டு வந்தது. 1905 மார்ச் கடைசியில் இரண்டையும் நடுவில் சேர்க்கப் பார்த்தால் சேரவில்லை. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. கணக்கில் பிழையா? இல்லை, வெயில். பகல் சூட்டில் எஃகு விரிந்திருந்தது. இரவு முழுக்கக் குளிரவிட்டார்கள். ஏப்ரல் 1 விடியற்காலையில் பார்த்தால், கச்சிதமாகப் பொருந்தியது. செப்டம்பரில் திறந்துவைத்தவர் சார்லஸ் டார்வினின் மகன், பேராசிரியர் ஜார்ஜ் டார்வின்.

அப்போது இரு கரையும் ஒரே பிரிட்டிஷ் கம்பெனியின் பிடியில்தான் இருந்தன. அப்புறம்தான் அந்த நடு, நாட்டின் எல்லையானது. 1964-இல் ஜாம்பியா விடுதலை பெற்றது. தென்கரையில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், வெள்ளையர் ஆட்சி நீடித்தது. 1973-இல் எல்லையை மூடினார்கள். 1975 ஆகஸ்டில் இந்தப் பாலத்தின்மேல் ஒரு ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். பெட்டியில் ஒருபக்கம் அந்த வெள்ளையர் அரசின் பிரதமர் இயான் ஸ்மித்தின் ஆட்கள், மறுபக்கம் கறுப்பின மக்களின் விடுதலைத் தலைவர்கள். எல்லைக்கோடு நடுவில். யாரும் அடுத்தவர் மண்ணில் கால் வைக்காமலே மேசையில் உட்காரலாம் அல்லவா? ஜாம்பிய அதிபர் கென்னத் கவுண்டாவும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டரும் சமரசத்துக்கு வந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, பேச்சு முறிந்தது. ஜிம்பாப்வே பிறக்க 1980 ஆயிற்று. எஃகு ஒரே ராத்திரியில் இறங்கிவந்தது, மனிதர்களுக்குச் சூடு தணிய ஐந்து வருஷம்.

இன்று அந்த நடுவிலிருந்து காலில் ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு 111 மீட்டர் கீழே குதிக்கிறார்கள். 2011-இன் கடைசி நாளில் கயிறு அறுந்தது. குதித்த பெண் ஆற்றில் விழுந்து, கட்டிய காலோடு நீந்திப் பிழைத்தார். சில நாளில் பயமில்லை என்று காட்ட ஜாம்பியாவின் சுற்றுலா அமைச்சரே வந்து குதித்தார். நம் ஊர் அமைச்சர்கள் யாரையும் நான் குறிப்பிடவில்லை. நன்றி, வணக்கம்.